கடைசியாகப் படித்த வகுப்பு

பாரிஸுக்குப் போகிறேன் என்றதும் எதிர்வீட்டுக்காரர் அந்த இரும்புக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பச் சொன்னார். ஆறு நாள் இருந்தேன். கோபுரத்தின் பக்கம் போகவில்லை. நான் பார்க்கப் போனது ஆறடி உயரமுள்ள ஒரு பெண்ணை.

திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது நான் படித்த மகளிர் கல்லூரி. அதன் கூடைப்பந்து அணியில் போன வருடம் பத்துப் பேர் இருந்தார்கள். ஆறு பேர் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது. ஒருத்தியை, விடுதியில் தனி அறை தருகிறோம் என்று வேறொரு கல்லூரி கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இரண்டு பேர். இந்த வருடமும் அணி களத்தில் இறங்காவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்கள் பறிபோகும். ஐந்து பெண்களை மாவட்டப் பள்ளிகளில் பிடித்துவிட்டார்கள். ஐவரும் வேகமாக ஓடுவார்கள், ஆனால் கூடைக்குக் கீழே நின்றால் காணாமல் போய்விடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பாரிஸிலிருந்து லூர்துநாதன் என்பவர் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதினார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுத் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சார்செல் ஊரில் ஒரு கூடைப்பந்துக் கழகத்துக்கு மாலையில் ஸ்கோர் எழுதுபவர். அவருடைய தங்கை மகள் எங்கள் கல்லூரியில் படித்தவள். கையில் மூன்று தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள், வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டார். நான் பல்கலைக்கழகத்தில் தகுதிப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றவள். எந்தச் சான்றிதழ் எதற்குச் சமம், யார் எந்த வகுப்பில் சேரலாம், எந்தக் காகிதத்தில் முத்திரை கோணலாக இருந்தால் திருப்பி அனுப்பலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கூடைப்பந்து ஆடியதில்லை. படிக்கும்போது மூன்று வருடம் ஸ்கோர் எழுதினேன்.

"உங்களுக்குத் தெரியாத ரூலா மேடம்? நீங்க போனா பேப்பர் வேலை எல்லாம் கையோட முடிஞ்சிடும்" என்றார் முதல்வர்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றவர்களுக்கு அது சுலபமாகக் கிடைப்பதில்லை.

திங்கட்கிழமை மதியம் லா ஷப்பலில் இறங்கியபோது முதலில் தோன்றியது, இங்கே வருவதற்கா இத்தனை மணி நேரம் என்பதுதான். ரயில் பாலத்துக்குக் கீழே வெற்றிலை விற்றார்கள். ரூ லூயி-பிளாங் தெருவில் போன் கடை, நகைக் கடை, டிராவல் ஏஜென்சி எல்லாவற்றுக்கும் தமிழில் பலகை; எழுத்துப்பிழை எங்கள் ஊரைவிடக் குறைவு. முருங்கைக்காய் விமானத்தில் வந்து இறங்கி, எங்கள் ஊர்ச் சந்தையில் இருப்பதைவிட நிமிர்ந்து நின்றது. ஏப்ரல் மாதத்தில் எனக்குப் பற்கள் தந்தியடித்தன. கடைக்காரர் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "இண்டைக்கு நல்ல வெயில்" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லூர்துநாதன் ஓர் உணவகத்தில் காத்திருந்தார். எழுபது வயது, இஸ்திரி போட்ட சட்டை, அதன் பையில் மூன்று நிறத்தில் பேனா. பேனாக்களைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும்.

"போன்ழூர் மதாம். முதல்ல சாப்டுடுவோம், அப்புறம் தொசியே பார்க்கலாம்" என்றார். தொசியே என்றால் கோப்பு. எங்கள் இருவருக்கும் பிடித்த சொல்.

இடியப்பமும் சொதியும் வந்தன. பெயர் மட்டும் தெரிந்த சொதியை அன்றைக்குத்தான் நாக்கில் வைத்தேன். எங்கள் பக்கத்துத் தேங்காய்ப்பாலில் இனிப்பைத்தான் எதிர்பார்ப்போம்; இதில் பச்சை மிளகாய் பதுங்கியிருந்தது.

மூன்று பெண்களில் ஒருத்தி, இலை எடுப்பதற்குள் போனாள். வயது இருபத்தேழு. எங்கள் போட்டிகளில் இருபத்தைந்துக்கு மேல் ஆட முடியாது. இரண்டாமவள் பாரிஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் முடித்தவள்.

"இவளும் முடியாது. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வருபவர் முதல் வருடம் ஆடக்கூடாது. உட்கார்ந்துதான் இருக்கணும்" என்றேன்.

"ஏன் மதாம்?"

"ஒரு காலத்தில் கல்லூரிகள் ஆளுக்கு ஆள் வீராங்கனைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. ஒரே வருடத்தில் ஒருத்தி மூன்று பல்கலைக்கழகத்துக்கு ஆடினாள். அதை நிறுத்த விதி போட்டோம்."

"எந்த மடையன் போட்டான்?"

"நான்தான். வரைவு முழுக்க என் கையெழுத்து."

அவர் தண்ணீர் குடித்தார். பிறகு மூன்றாவது காகிதத்தை என் பக்கம் தள்ளினார். சாருஜா, இருபது வயது, ஒரு மீட்டர் எண்பத்து மூன்று. கார்ஜ் லே கொனெஸில் வீடு. பள்ளி முடித்த பிறகு கணக்கியலில் இரண்டு வருடப் படிப்பு. ஜூனில் கடைசிப் பரீட்சை.

"இவதான் மதாம். வீட்ல எல்லாம் பேசிட்டேன். இங்க ரெண்டு வருஷம் படிச்சிட்டா, அங்க நேரா செகண்ட் இயர். இன்னும் ரெண்டே வருஷம், கையில பட்டம். அம்மாக்காரி அதுக்குத்தான் தலையாட்டினா."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். பள்ளிக்குப் பிறகு இரண்டு வருட மேல்படிப்பு என்றால், மாறி வருபவள் என்றுதான் கணக்கு. என் விதி அவளையும் ஒரு வருடம் உட்கார வைக்கும். முதல்வருக்கு ஆள் தேவைப்படுவது இந்த வருடம்.

செவ்வாய் மாலை பயிற்சி. கார் து நோர் நிலையத்தில் பாதாளத்தில் இறங்கி டி வண்டியைப் பிடித்து வரும்படி லூர்துநாதன் எழுதிக் கொடுத்திருந்தார். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒன்றில் ஏழெட்டுத் தமிழ் முகங்கள் ஏறின. நானும் ஏறினேன். எழுத்தைப் படிக்கத் தெரியாமல் இல்லை. திருச்சியில் பேருந்துப் பலகையைவிட ஏறுகிற ஆட்களைப் பார்த்துத்தான் ஏறுவோம். லா கூர்னவ் என்ற நிலையத்தில் தமிழர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மிச்சம் பெட்டிகளும் நானும் ஒரு வாலிபனும்.

"அம்மா, எயார்போட்டுக்கு ஆரையும் ஏத்தப் போறியளோ?" என்று கேட்டான்.

"சார்செல் போகணும் தம்பி."

"ஐயோ, இது பி எல்லோ! இறங்கித் திரும்பிப் போங்கோ. எங்கடை சனத்தைப் பாத்து ஏறினியளோ?"

"ஆமாம்."

"அவை லா கூர்னவ் ஆக்கள்" என்றான், நான் ஏதோ எதிர்க்கட்சிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டதுபோல.

முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அடுக்குமாடிகளுக்கு நடுவே நகராட்சியின் விளையாட்டுக் கூடம். எங்கள் கல்லூரித் தரை சிமெண்ட். இங்கே பலகை, கண்ணாடிபோல. பதினைந்து பெண்கள். அதில் சாருஜாவைக் கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது. அவளைவிட உயரமாக மூன்று பேர் இருந்தார்கள். லூர்துநாதன் சுட்டிக்காட்டினார். களத்தின் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கால்களை உதறிக்கொண்டிருந்தாள்.

பயிற்சியாளர் பெண்மணி கத்துவதை லூர்துநாதன் மொழிபெயர்த்தார்: "காத்திருந்தா பந்து உன்கிட்ட தபால்ல வராது." தன் துறையைச் சொல்கிறாள் என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பதினொரு நிமிடம் சாருஜாவை ஆடவிட்டார்கள். பழக்க தோஷத்தில் என் டைரியில் கோடு போட்டு எழுதினேன். வெளியிலிருந்து ஒன்பது எறிந்தாள்; ஆறு விழுந்தன. கூடைக்குக் கீழே அனுப்பியபோதெல்லாம் ஒரு மாதிரிச் சலிப்போடு போனாள். எங்கள் பக்கத்து ஆட்டங்களில் நான் எழுதிய தாள்களில் ஒன்பதுக்கு ஆறு என்று ஒரே ஒரு முறை எழுதியிருக்கிறேன். அதுவும் அந்த நடுவர் எங்கள் ஊர்க்காரர்.

முடிந்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தோழிகளிடம் பிரெஞ்சில் பொரிந்து தள்ளியவள் என்னிடம் தமிழில் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"அன்ரி, நெட்டையா இருக்கிறதாலை எல்லாரும் என்னைக் கூடைக்குக் கீழை நிப்பாட்டினம். எனக்கு வெளியிலை நிண்டு எறியத்தான் விருப்பம். அங்கை விடுவினமோ?"

"அங்கே நீ எங்கே நின்றாலும் கூடைக்குக் கீழே நிற்கிற மாதிரிதான் இருக்கும்."

சிரித்தாள். பிறகு கணக்கர் அலுவலகம் ஒன்றில் செப்டம்பரிலிருந்து வேலை ஏற்பாடாகியிருப்பதாகச் சொன்னாள். "வேலைக்குப் போனால் ஆறு மணிக்கு வாற பயிற்சிக்கு வரேலாது. மூண்டாம் அணியிலை இருந்து நாலாம் அணி. பிறகு ஒண்டுமில்லை. எத்தினை வருசம் அங்கை ஆடலாம், அன்ரி?"

"பார்க்கலாம். காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். முப்பத்து நான்கு வருடம் இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எவ்வளவு மோசமான வாக்கியம் என்று காதில் கேட்டது.

புதன்கிழமை மூன்று மணிக்கு, மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில், ரூ லூயி-பிளாங் உணவகம் ஒன்றில் பெற்றோரைப் பார்த்தேன். அப்பா மகேந்திரன் அங்கே சமையல்காரர். கொத்துரொட்டித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "தாயும் மகளும் கதைச்சு முடிவெடுக்கட்டும், நான் பிறகு ஓமெண்டு சொல்லுறன்" என்று உள்ளே போய்விட்டார். இப்படி முன்கூட்டியே ஒப்புதல் கொடுக்கும் அதிகாரிகள் இரண்டு பேர் எனக்கு இருந்திருந்தால் நான் பதிவாளராகவே ஓய்வு பெற்றிருப்பேன்.

அம்மா யோகராணிக்கு ஐம்பது வயது இருக்கும். விடிவதற்கு முன் இரண்டு அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு, பத்து மணிக்கு இன்னொன்றுக்குப் போகிறவர். நான் கோப்பைத் திறந்து பிறந்த தேதி, உயரம், படிப்பு, ஏதாவது நோய் உண்டா, போட்டோ நான்கு என்று கேட்கத் தொடங்கினேன். அடுத்த மேஜையில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த அம்மாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு யோகராணியிடம் குனிந்தார்.

"நல்ல இடமோ? பெடியன் என்ன செய்யிறான்?"

"சும்மா இருங்கோ அக்கா. இது பந்தடிக்க."

"பந்தடிக்கவோ? இவ்வளவு விசாரணை என்ரை மோளின்ரை கலியாணத்துக்கும் நடக்கேல்லை" என்று அந்த அம்மாள் இன்னொரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டார்.

யோகராணி என் பக்கம் திரும்பினார். "அக்கா, ஆக்கள் அங்கையிருந்து இஞ்சை வரத்தான் பாடுபடினம். நான் பிள்ளையை இஞ்சையிருந்து அங்கை விடுறன். சனம் என்னை விசரி எண்டுது. ரெண்டு வருசத்திலை பட்டம் எண்டு லூர்து அண்ணை சொன்னபடியால்தான் யோசிச்சனான். நான் யாழ்ப்பாணத்திலை ஏ-எல் சோதினை பாஸ் பண்ணி, மூண்டு வருசம் தொண்டர் ஆசிரியையா படிப்பிச்சனான். இஞ்சை வந்து வேலைக்குப் பதியேக்கை அந்தப் பத்திரங்களைக் குடுத்தன். கந்தோரிலை இருந்த பெட்டை பாத்திட்டு, படிப்பு எண்ட கட்டத்திலை 'இல்லை' எண்டு எழுதினாள். சைபர். அண்டைக்குக் கூட்டப் பிடிச்ச தும்புத்தடி இண்டைக்கும் கையிலை இருக்கு."

கொத்துரொட்டி நன்றாக இருந்தது. சாப்பிடுவதுபோல் குனிந்துகொண்டேன். அந்தப் பெண் எழுதியதுபோல நானும் எத்தனையோ கட்டங்களில் எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை நானும் லூர்துநாதனும் சாருஜா படிக்கும் இடத்துக்குப் போனோம். எனக்கு இரண்டு காகிதம் வேண்டியிருந்தது: மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ். இவை இல்லாமல் எங்கள் நாட்டில் ஒரு பெண்ணை எந்த வகுப்பிலும் சேர்க்க முடியாது. அலுவலகத்தில் இருந்த பெண்மணி கண்ணாடியை இறக்கிக் கேட்டதை லூர்துநாதன் அப்படியே சொன்னார்.

"படிப்பை விட்டு வெளியே போனதுக்கு எதுக்கு அத்தாட்சி? போயிட்டா போயிட்டாதானே?"

சரி, நன்னடத்தை?

அந்த அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஏன், அந்தப் பெண் ஏதாவது செஞ்சிட்டாளா? போலீஸ் விவகாரமா?"

ஒரு தப்பும் செய்யவில்லை என்று எழுதித் தந்தால் போதும் என்று விளக்கினோம். செய்யாததை எப்படி எழுதுவது என்று அவர் கேட்டார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பதினைந்து நிமிடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, இந்த மாணவி இங்கே படிக்கிறாள் என்று ஒரே ஒரு தாளைக் கொடுத்தார். வெளிநாட்டுக் காகிதம் என்பதால் இரண்டுக்கும் பதிலாக அதையே ஏற்க வைக்கலாம். படியில் இறங்கும்போது தலைப்பை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

"லிசே என்று போட்டிருக்கிறதே. லிசே என்றால் பள்ளிக்கூடம் இல்லையா?"

"ஆமா மதாம். இந்த ரெண்டு வருஷப் படிப்பை இங்க பள்ளிக்கூடத்துலயேதான் வெச்சி நடத்துவாங்க. மேல்படிப்புதான்; கட்டடம், தலைப்பு எல்லாம் லிசே."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் விதி வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருபவளுக்கு. இவள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் காலடி வைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறாள். முதல் நாளிலிருந்தே ஆடலாம். எந்த எழுத்தராலும் தடுக்க முடியாது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவள் முதல் வருடத்தில்தான் சேர முடியும். அந்த இரண்டு வருடத்துக்கு மதிப்புக் கேட்டால், சமமானது என்று ஏற்று இரண்டாம் வருடம் தருவோம். அந்தக் கணமே அவள் மாறி வருபவள் ஆகிவிடுவாள், ஒரு வருடம் உட்கார வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், படித்தேன் என்றால் ஆட முடியாது. ஆடுவேன் என்றால் படிக்கவில்லை.

முதல்வரைப் போனில் பிடித்தேன்.

"லிசேன்னா ஸ்கூலா? இருபது வயசுல ஸ்கூல்லயா இருக்கா? ஃபெயிலா மேடம்?" என்றதுதான் அவருடைய முதல் கேள்வி.

"ஃபெயில் இல்லை. அங்கே அப்படித்தான்."

"சரி, எப்படியோ. ஃபர்ஸ்ட் இயர்ல போட்டா மூணு சீசன் ஆடுவா இல்ல? ஏ ஒன். ஃபார்ம வாங்கிட்டு வந்துடுங்க. அந்த ரெண்டு வருஷம் பத்தி இப்ப வீட்டுல எதுவும் சொல்ல வேண்டாம். வந்து சேர்ந்த பிறகு நாம பேசிக்கலாம்."

வந்து சேர்ந்த பிறகு பேசிக்கொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேலையில் இருந்தபோது அப்படிப்பட்ட பேச்சு என் மேஜைக்குத்தான் வரும். அழுதுகொண்டு வரும் தாய்மாருக்கு நாங்கள் ஒரு நாற்காலி தனியாக வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை மாலை சரியான வண்டியில் ஏறி, கார்ஜில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எட்டாவது மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஆறாவது மாடியில் ஓர் ஆப்பிரிக்கப் பெண்மணி கதவைத் திறந்து நாற்காலி போட்டு, ஏதோ சொல்லிச் சிரித்தார். மொழி தெரியாவிட்டாலும், இந்தக் கட்டடத்துக்கு வருகிற எல்லாரும் இதே மாடியில்தான் மூச்சு வாங்குவார்கள் என்பது புரிந்தது.

யோகராணி பால் விடாத பிளேன் ரீ கொண்டுவந்தார். சாருஜா சோபாவில் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடித்திருந்தாள். கோப்பிலிருந்து இரண்டு விண்ணப்பங்களை எடுத்து மேஜையில் போட்டேன். ஒன்று முதல் வருடத்துக்கு, ஒன்று இரண்டாம் வருடத்துக்கு. இரண்டையும் விளக்கினேன். எதில் என்ன கிடைக்கும், எதில் என்ன போகும் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். கல்லூரிக்கு முதலாவது வேண்டும் என்பதையும், உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று முதல்வர் எனக்குச் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன்.

யோகராணி முதல் வருடத் தாளை விரலால் தொட்டார்.

"அப்ப இந்த ரெண்டு வருசம்?"

"அங்கே கணக்கில் வராது."

"சைபர்."

"ஆமாம்."

"இந்தச் சட்டத்தை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப நீங்களே மாத்துங்கோவன்."

"ஓய்வு பெற்றவர் மாற்ற முடியாது. அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது."

"அதையும் நீங்களோ எழுதினது?"

"இல்லை. அது எனக்கு முன்னாலேயே இருந்தது."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "என்ரை வீட்டிலை இன்னொருத்தர் சைபரிலை இருந்து துவங்கிறதை நான் பாக்கமாட்டன். ரெண்டாவது ஃபோமைத் தாங்கோ. ஒரு வருசம் பாத்துக்கொண்டு இருக்கட்டும். அடுத்த வருசம் ஆடட்டும்" என்றார்.

சாருஜா பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அம்மா தமிழில் பதில் சொன்னார். அவள் மறுபடி பிரெஞ்சில். நீளமாகப் போனது. இரண்டு மொழியிலும் அவரவர் இடத்தை விட்டு அசையாமல் ஆடினார்கள். எனக்குப் புரிந்தது தாயின் பக்கம் மட்டும்: "ஓம்... அதுக்கு?... ஆர் சொன்னது?... உனக்கென்ன விசரே?" கடைசியில் சாருஜா என்னைப் பார்த்து, நானும் கேட்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, தமிழுக்கு வந்தாள்.

"அம்மா, உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. அந்தப் பெட்டை தானா எழுதினவள். என்னை அன்ரி கேக்கிறா. நான் தெரிஞ்சுதான் துவங்கிறன். இஞ்சை என்ரை ரெண்டு வருசம் இருக்கும், ஒருத்தரும் எடுக்கேலாது. அங்கை மட்டும்தான் இல்லை. ஒரு வருசம் ஆடுறதுக்கு நான் போகேல்லை. மூண்டு வருசம் ஆடப் போறன்."

"அங்கை பதினெட்டு வயதுப் பிள்ளையளோடை இருக்க வேணும்."

"அவையளுக்கு நான் கணக்குச் சொல்லிக் குடுப்பன்."

யோகராணி எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர் திறக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. சாருஜா முதல் வருட விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள், ஆனால் எழுதவில்லை. குசினியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"முதல்லை ஜூன் சோதினையை எழுதி முடி. ஒண்டும் குறையக் கூடாது. அக்கா, நாளைக்குக் கடையடிக்கு வாறன். அங்கை வைச்சுக் கையெழுத்துப் போடுறன். இப்ப சாப்பிட்டிட்டுப் போங்கோ."

குழல் புட்டும் மீன் பொரியலும் சாப்பிட்டுவிட்டு எட்டு மாடி இறங்கினேன். இறங்கும்போது ஆறாவது மாடிப் பெண்மணியின் கதவு மூடியிருந்தது.

சனிக்கிழமை லா ஷப்பல் தேர்க்கூட்டம்போல இருந்தது. தமிழ் வகுப்பு முடிந்த பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டு ரோல்ஸ் தின்றன. உணவகத்தில் ஒரு மூலை மேஜையில் யோகராணியும் சாருஜாவும் இருந்தார்கள். விண்ணப்பம் பெரும்பாலும் நிரம்பியிருந்தது. கடைசியாகப் படித்த வகுப்பு என்ற கட்டத்தில் சாருஜா தன் கையால் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாள். மகேந்திரன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஏற்கெனவே சொன்ன ஓமைக் கையெழுத்தாகப் போட்டுவிட்டுப் போனார்.

யோகராணி மட்டும் பேனாவைப் பிடித்தபடி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த அடியிலை இருக்கிறது என்ன, அக்கா?"

பிற விவரங்கள். எங்கள் விண்ணப்பங்களின் அடியில் நான்கு கோடு விட்டு ஒரு கட்டம் உண்டு. யாரும் நிரப்புவதில்லை. நிரப்பாத இடத்தில் யாரும் பின்னால் எதையும் எழுதிவிடக் கூடாது என்று குறுக்கே ஒரு கோடு கிழிப்போம். நான் கிழித்த கோடுகளைச் சேர்த்தால் திருச்சியிலிருந்து பாரிஸுக்கே வரும்.

"வேறு ஏதாவது சொல்ல இருந்தால் எழுதலாம்."

"அப்ப அந்த ரெண்டு வருசத்தை இதிலை எழுதலாமோ? எழுதினால் பிள்ளை ஆடுறதுக்குத் தடை வருமோ?"

யோசித்தேன். லிசே என்றே எழுதினால் அது பள்ளிக்கூடம்தான். என் விதி அதைத் தொடாது.

"தடை வராது. எழுதுங்கள்."

அவர் எழுதினார். தொண்டர் ஆசிரியையின் எழுத்து: உருண்டையாக, கரும்பலகையிலிருந்து எடுத்து வைத்ததுபோல. இன்ன ஊர் லிசேயில், கணக்கியலில், இரண்டு வருடம், முழுமையாகப் படித்து ஜூனில் முடிப்பவர். நான்கு கோடும் நிரம்பின. முடித்ததும் மகளிடம் காட்டினார். அவள் உதட்டசைத்துப் படித்து, ஒரு எழுத்துக்கு என்ன உச்சரிப்பு என்று கேட்டாள்.

அந்த நான்கு கோட்டையும் எங்கள் அலுவலகத்தில் எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது அந்த இடத்தில் இருப்பவள் என்னிடம் வேலை கற்றவள். லிசே என்றால் என்ன என்று தேடிப் பார்ப்பாள். பள்ளிக்கூடம் என்று வரும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகும் இரண்டு வருடம் பள்ளிக்கூடத்திலேயே இருந்தவள். முதல்வர் கேட்ட அதே கேள்வியை ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதுவாள்: ஃபெயிலா? பிறகு முத்திரை குத்தி அனுப்பிவிடுவாள்.

முந்தின நாள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னவள் நான். இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

யோகராணி பேனாவை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப சைபர் இல்லைத்தானே, அக்கா?"

"இல்லை" என்றேன்.

முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பொய்ச் சான்றிதழ்கூடக் கொடுத்ததில்லை. இது வாய்மொழியாகக் கொடுத்தது. பதிவேட்டில் ஏற்ற வேண்டியதில்லை.